ஆப்பிள் மசியல் ஏன் நீர்த்துப்போகிறது?

வீட்டில் செய்யும் ஆப்பிள் மசியல் ஏன் தண்ணீராக நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தொடக்கத்தில் ஊற்றும் நீர்தான் காரணம். ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீரே. 1 கிலோ பழத்துக்கு அரை கப் தண்ணீர் தாராளம், அதுவும் அடிப்பிடிக்காமல் இருப்பதற்காக மட்டும்.

தோல் சீவி, விதை நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, மூடி போட்டுச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியின் முதுகால் அழுத்தினால் துண்டு எதிர்க்காமல் குழைந்து, ஓரங்கள் பஞ்சுபோல் பிரிய வேண்டும், அதுவே பதம். கையால் மசிப்பதே எனக்குப் பிடிக்கும். மிக்ஸியில் அடித்தால் வெறும் கூழாகிவிடுகிறது. பிறகும் நீர்த்திருந்தால், மூடியைத் திறந்து கிளறியபடி வற்றவிடுங்கள். சர்க்கரையைச் சுவைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். நன்கு பழுத்த பழத்துக்கு அது தேவையே இல்லை.