வாசகர் கேள்வி: இன்னொரு மெஷின் போடலாமா?

கேள்வி: கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு சி.என்.சி. லேத், ஐந்து ஆட்கள். ஒரே கம்பெனிக்குப் பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். மாதம் மூன்று லட்சத்துக்குப் பில் போடுகிறேன். பணம் வர நான்கு மாதம் ஆகிறது. ஆர்டர் இரண்டு மடங்கு தருகிறேன் என்கிறார்கள். கடன் வாங்கி இன்னொரு மெஷின் போடலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு வேண்டாங்க.

உங்கள் பணம் 12 லட்சம் எந்நேரமும் அவர்களிடம் கிடக்கிறது. ஆர்டர் இரண்டு மடங்கானால் அது 24 லட்சம். அவர்களுக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, பாங்குக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள். குறிச்சியில் 28 வருடம் பட்டறை நடத்திய நானும் இதே ஆசையில் மெஷின் போட்டவன்தான். அந்தத் தீபாவளிக்கு ஆட்களுக்குப் போனஸ் கொடுக்க, சம்சாரத்தின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. பட்டறையில் வேலைக்கு மட்டும் குறைவே இல்லை!

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே செய்யுங்கள். இலவசம்தான், ஏஜென்டுக்குக் காசு அழாதீர்கள். அந்த எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். 2006ஆம் வருடக் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31க்குள் தீர்க்காவிட்டால், அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் அவர்கள் கழிக்க முடியாது. அதனால் பிப்ரவரியிலேயே போய் அக்கவுண்ட்ஸ்காரரைப் பாருங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் இது சுருக்கென்று உறைக்கும்.

பாக்கி இழுக்கிற கம்பெனி மேல் அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் மறுநாள் ஆர்டர் நின்றாலும் நிற்கும். என்னைக் கேட்டால், விட்டு விலக முடிவு செய்த கம்பெனி மேல்தான் அதைப் போடுவேன்.

அப்புறம், வாரத்தில் ஒரு நாளாவது மெஷினை வேறு ஆளுக்கு ஓட்டுங்கள். மில் ஸ்பேர், கிரைண்டர், கம்ப்ரசர் என்று நம் ஊரில் கடைசல் வேலைக்கா பஞ்சம்? மழை பிடித்துக்கொண்டால் பம்ப் வியாபாரம் படுக்கும்; அப்போது கைகொடுக்கப் போவது இவர்கள்தான். சாம்பிள் பீஸைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே நேரில் போங்கள்.

ஆர்டர் நிஜமாகவே கூடினால், முதலில் இருக்கிற மெஷினில் ராத்திரி ஷிஃப்ட் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து 45 நாளில் பணம் வந்ததென்றால் மறுபடி எழுதுங்கள், எந்த மெஷின் என்று பேசலாம்.