மனைவிக்குத் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். சோர்வு மட்டும் குறையவில்லை. என்ன செய்வது?

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. "மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், வீட்டுக்கு வந்து மனைவி அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களிடமும் அப்படித்தான் கேட்டார்கள். கேட்டவர் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

உங்கள் மனைவி இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ சேர்த்துச் சாப்பிடுகிறாரா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் சாப்பிடுகிறார் என்றே நினைக்கிறேன். தைராய்டு சுரப்பு குறைந்த பெண்கள் பலருக்கு மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகிறது. ரத்தம் குறைகிறது. மகளிர் மருத்துவரிடம் போனால் இரும்புச்சத்து எழுதித் தருகிறார். அதைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் வயிற்றுக்குள் பிணைந்துகொள்ளும். தைராய்டு மருந்து உடம்பில் சரியாக ஏறாது. கால்சியமும் அப்படித்தான். இடையில் நான்கு மணி நேரமாவது விட வேண்டும்.

நான் மருத்துவர் அல்ல. தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம் விற்கிறவன் வைத்தியம் சொல்ல வந்துவிட்டான் என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். மாத்திரையின் அளவை நானாக ஒரு நாளும் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. உங்களையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

என் மனைவிக்கு 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார்கள். விடியற்காலையில் மாட்டுக் கொட்டகைக்குப் போகும் முன் தண்ணீரோடு போட்டுக்கொள்வாள். பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் டீ. போட்டதும் காலண்டர் தாளில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைப்பாள். அப்படியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. ரத்தத்தில் பார்க்கிற அளவு அது; தைராய்டு போதாவிட்டால் ஏறும், மிஞ்சினால் இறங்கும். 75 ஆக்கினார்கள். மூன்று வாரங்கூட முடியாத நிலையில் மறுபடி ரத்தம் எடுத்து 100 ஆக்கினார்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்துப் பட்டம் வாங்கியவருக்கு இது தெரியாதா?

100க்கும் இறங்கவில்லை. அந்த மருத்துவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "ஏம்மா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா இல்லையா? போடுகிறவர்களுக்கு ரிப்போர்ட் இப்படி வராது" என்றார். என் மனைவி எதுவும் பேசவில்லை. பையைத் திறந்து, கிழித்து மடித்து வைத்திருந்த காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு நாள்கூட விடாமல் கோடு இருந்தது. அவர் அதைத் தொடவே இல்லை. 125 என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ரத்தம் ஏறிவிட்டது என்று மகளிர் மருத்துவர் அதுவரை கொடுத்துவந்த இரும்புச்சத்தை நிறுத்தினார். தடுத்துக்கொண்டிருந்தது விலகியதும் 125 முழுவதும் உடம்பில் ஏறத் தொடங்கிவிட்டது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. பால் சொம்பைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்துவிடுவாள். பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், தைராய்டு பார்க்கவில்லை. மனக்கவலைதான், வேறொன்றும் இல்லை என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "ஏங்க, எனக்கு என்ன கவலை?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

எனக்குப் பொறி தட்டியது கடையில். தக்காளி போட்டிருக்கிற ஒருவர் கால்சியம் நைட்ரேட்டும் 12:61 என்கிற பாஸ்பேட் உரமும் கேட்டார். இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தால் திரிந்துபோய்ச் சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைத்துவிடும். நாள் மாற்றி விடுங்கள் என்று சொன்னேன். நேற்று என்ன விட்டீர்கள் என்று கேட்காமல் நான் யாருக்கும் பையை எடுத்துக் கொடுப்பதில்லை. சொல்லி வாய் மூடவில்லை, வீட்டு மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது. ராத்திரி பழைய சீட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தைராய்டுக்கு: காலை 1, உணவுக்கு முன். இரும்புச்சத்துக்கு: காலை 1, உணவுக்கு முன். இரண்டு பேரும் ஒரே வேளைக்கு எழுதியிருக்கிறார்கள். அவள் இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கியிருக்கிறாள், எழுதியபடியே. வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று இரண்டு பேரில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

சேலத்தில் ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம், அதாவது தைராய்டு மாதிரி சுரப்பிகளைப் பார்க்கிறவரிடம், டோக்கன் வாங்கிக்கொண்டு போனோம். இந்தப் பாதையைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். பாளையம் சுங்கச்சாவடியில் பணத்தைக் கறாராக வாங்கிக்கொள்கிறார்கள். அதைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கினால் ஏதாவது ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் போய் மோதிக் கிடக்கும். எத்தனை உயிர் போயிருக்கிறது அந்த இறக்கத்தில்! நாங்கள் போன அன்றும் பஸ் நகரவில்லை. படபடப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். சுங்கம் வாங்குகிற சாலையில் நோயாளி உயிரோடு போய்ச் சேருவது எங்கள் பாடா? கேட்க ஆள் இல்லை. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சிக்கலான வியாதி என்றால் இன்னும் சேலத்துக்கும் பெங்களூருக்கும்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

டோக்கன் நேரம் தவறியும் அந்த மருத்துவரம்மா எங்களைப் பார்த்தார். இரண்டு சீட்டுகளையும் காட்டினேன். டி.எஸ்.எச். எடுத்துப் பார்த்தால் 0.05, ஒன்றுமே இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். 75க்குக் குறைத்தார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது நார்மல். தூக்கம் திரும்பியது, கை நடுக்கம் நின்றது.

எல்லா மருத்துவர்களையும் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து நூறு பேரைப் பார்க்கிறவருக்கு அலுப்பு வரும், புரிகிறது. ஆனால் அந்த அலுப்பை ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கித் தீர்த்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும், சத்து மாத்திரை, வாயுவுக்குப் போடுவது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரைகளும் தைராய்டு மருந்தை ஏறவிடாமல் செய்யும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் அதை மறக்காமல் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் ரிப்போர்ட்டையே அது தப்பாகக் காட்டும். மாத்திரை போட்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். இரும்புச்சத்தோ கால்சியமோ நேரம் மாற்றினாலும், நிறுத்தினாலும், தைராய்டு பார்ப்பவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அளவைக் குறைக்க வேண்டிவரலாம். என் மனைவிக்கு அதை யாரும் சொல்லவில்லை. இவற்றில் எதுவுமே உங்கள் மனைவி சாப்பிடவில்லை என்றால் காரணம் வேறு. அதற்கு நிபுணரைத்தான் பார்க்க வேண்டும்.