திருத்தம் நிறுவிய பின்பும் அறியாத கோப்புகள் தோன்றுவது குறித்து

வணக்கம். இணைய விவாத மன்றங்களை நடத்தும் மென்பொருளான வி-புல்லட்டினின் 5.5.4 பதிப்பில் 2019 செப்டம்பர் பாதுகாப்புத் திருத்தத்தை நிறுவிய பின்பும் பதிவேற்றக் கோப்புறையில் அறியாத பிஎச்பி கோப்புகள் (சர்வரில் இயங்கும் நிரல்கள்) தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திருத்தம் முழுமையானதன்று; உள்நுழையாமலேயே சர்வரில் கட்டளைகளை இயக்க இடந்தந்த விட்ஜெட் (பக்கத்தில் பொருத்தப்படும் சிறு கூறு) ஓட்டையை அது நேரடி அழைப்புக்கு மட்டுமே அடைத்ததால், வேறொரு விட்ஜெட்டுக்குள் பொதிந்து அனுப்பி அதைக் கடக்கும் வழி 2020 ஆகஸ்டில் வெளியானது. ஆகவே, முதல் வேலையாக நிர்வாகப் பலகத்தில் பிஎச்பி, எச்டிஎம்எல், விளம்பரத் தொகுதிகளின் இயக்கத்தை முடக்கிவிட்டு, இப்போது ஆதரவிலுள்ள அண்மைப் பதிப்புக்கு மாறுங்கள். மேம்படுத்தல் ஏற்கெனவே புகுந்துவிட்ட பின்கதவை (தாக்கியவர் மீண்டும் நுழைய விட்டுச்சென்ற இரகசிய வழியை) அகற்றாது என்பதைத்தான் பலரும் (ஒருமுறை நானும்) மறந்துவிடுகிறோம்: பழைய கோப்புகளின்மேல் புதியவற்றை எழுதாமல், வெற்றுக் கோப்புறையில் புதிதாக நிறுவி, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் நிர்வாகிகளின் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.