கோர் துளையிலேயே பம்ப் இறக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி எனக்கு மூன்று ஏக்கர் நிலம். 3,000 பாலிபேக்கில் மிளகாய், கூடவே 40 ஆடுகள். வருடா வருடம் பிப்ரவரியில் ஓடை வற்றிவிடுகிறது. குழாய்க் கிணறு போடலாம் என்று கேட்டால், முதலில் கோர் டிரில்லிங் (பாறையை உருளையாக வெட்டி எடுக்கும் துளை) செய்து பார்ப்போம், தண்ணீர் இருந்தால் அதே துளையில் பம்பை இறக்கிவிடலாம் என்கிறார் குத்தகைக்காரர். விலை சாதாரணத் துளையைப் போல இரண்டு மடங்கு. மாமனார், குச்சி பிடித்து நிலத்தடி நீர் பார்க்கும் ஒருவரை அழைத்து வருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: 'அதே துளையில் பம்ப்' என்பதை முதலில் மறந்துவிடுங்கள், ஐயா. பரவலாகப் போடும் என்கியூ (NQ) அளவுக் கோர் துளையின் விட்டம் 75.7 மில்லிமீட்டர். நீங்கள் வாங்கப்போகும் நான்கு அங்குல நீர்மூழ்கிப் பம்ப் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். பம்ப் இறக்க வேண்டுமானால் துளையை மறுபடி அகலப்படுத்தி, மேலே இளகிய மண் இருக்கும் ஆழம் வரை உறைக்குழாய் போட வேண்டும். அதற்குத் தனிக் காசு.

கோர் டிரில்லிங் கிணறு போடும் வேலை இல்லை. பூமிக்குள் எட்டிப் பார்க்கும் வேலை. வைரத் துணுக்குகள் பதித்த வளையம் பாறையைச் சுற்றி அரைத்துக்கொண்டே இறங்கும். நடுவில் நிற்கும் பாறை உருளை குழாய்க்குள் ஏறிவிடும். என்கியூவில் அது 47.6 மில்லிமீட்டர் தடிமன். அதை மேலே எடுத்து, ஆழம் எழுதிய பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள்.

அந்தப் பெட்டியைத்தான் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். உருளைகள் நீளநீளமாக, உடையாமல், கரும்புக் கழி மாதிரி கிடந்தால் வேலை சுத்தம் என்று மகிழ்ந்துபோகிறார்கள். பாலம் கட்டுபவர் மகிழலாம். 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டுத்தான் அவர்கள் பாறையின் தரத்தைச் சொல்வார்கள். உங்களுக்கு அது கெட்ட செய்தி. கருங்கல் தன் உடம்பில் தண்ணீர் வைத்திருப்பதில்லை, விரிசலில்தான் வைத்திருக்கும். அதனால் உடைந்த துண்டுகளைத் தேடுங்கள். உடைந்த முகத்தில் துருப்பிடித்தது போலப் பழுப்புக் கறை இருந்தால் அந்த வழியே தண்ணீர் நடமாடியிருக்கிறது. அதைவிட முக்கியம், பெட்டியில் இல்லாத துண்டு. மூன்று மீட்டர் துளைத்து இரண்டு மீட்டர் உருளைதான் வந்தது என்றால், அந்த ஒரு மீட்டர் நொறுங்கிக் கரைந்துபோயிருக்கிறது. துளைக்குள் விட்ட தண்ணீர் மேலே திரும்பாமல் போனதும் அதே ஆழத்தில்தானா என்று கேளுங்கள். ஆம் என்றால் அங்கே நல்ல விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. நம் மழைக்கும் வெயிலுக்கும் கருங்கல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி வெள்ளைக் களிமண்ணாகியிருக்கும். அதுவும் உருளையாக வராது, ஆனால் தண்ணீரும் விடாது. எது களி, எது விரிசல் என்பதைப் பெட்டியைப் பார்த்த புவியியலாளர்தான் சொல்ல வேண்டும். துளையின் நீர்மட்டத்தையும் காலையில் வேலை தொடங்கும் முன்பே அளக்கச் சொல்லுங்கள். பகலில் தெரிவது அவர்கள் ஊற்றிய தண்ணீர்.

சரி, இவ்வளவும் உங்களுக்குத் தேவையா? கணக்குப் பார்ப்போம். செடிக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் என்று தாராளமாகவே வைத்தால் 6,000 லிட்டர். ஆட்டுக்கு ஐந்து லிட்டர் வீதம் 200. மணிக்கு 1,000 லிட்டர் தரும் கிணறு ஏழு மணி நேரத்துக்குள் இதைக் கொடுத்துவிடும். இத்தனை சிறிய தேவைக்குக் கோர் துளை போடுவதை நான் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து மின்தடை ஆய்வு செய்யுங்கள். தரையில் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்தி அளப்பார்கள். கெட்டிப் பாறையில் தடை அதிகம், ஈரமான இடத்தில் குறைவு. களிமண்ணும் குறைவாகவே காட்டும் என்பதால் இதுவும் வேதவாக்கு இல்லை. ஆனாலும் நிலத்தில் எந்த மூலை தேறும் என்று தெரிந்துவிடும். அங்கே காற்றழுத்தச் சுத்தியலால் ஆறு அங்குலத் துளை போட்டு, மீட்டருக்கு ஒரு பிடி கல்பொடியை எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் மட்டும் என் பேச்சு மாறும். கிந்தா பள்ளத்தாக்கில் அது நிறைய. அதில் குகை போன்ற வெற்றிடங்கள் இருக்கும். ஒரு துளையில் தண்ணீர் கொட்டும், பத்து மீட்டர் தள்ளி ஒன்றுமே இருக்காது. அளவுக்கு மேல் இறைத்தால் தரை உள்வாங்கவும் கூடும். அங்கே அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் செலவைப் பகிர்ந்து ஒரு கோர் துளை போடுவது வீண் இல்லை. எந்தப் பாறை என்பதை ஈப்போவில் உள்ள கனிமவள, புவி அறிவியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கிணறு தோண்டுவதற்கு முன் என்ன அறிவிப்பு, அனுமதி வேண்டும் என்பதையும் அதே நடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாமனாரோடு சண்டை வேண்டாம். இத்தனை மழை பெய்யும் ஊரில் எங்கே தோண்டினாலும் கொஞ்சம் ஈரம் தட்டுப்படும். குச்சிக்காரர் தோற்பதே இல்லை. எவ்வளவு வரும் என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் கிடைத்ததும் இரும்புச் சத்தைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் சொட்டுக்குழாய் அடைத்துக்கொள்ளும். தொட்டியில் காற்றோட்டமாகக் கொட்டவிட்டு, துரு படிந்தபின் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். பக்கத்தில் பழைய ஈய லம்பம் (வெள்ளீயச் சுரங்கம்) இருந்தால் ஆர்செனிக் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆடுகள் குடிக்கப்போகும் தண்ணீர் அது.

குத்தகைக்காரர் ஒரு மணி நேரம் இறைத்துக் காட்டிவிட்டுப் பில் நீட்டுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரம் இறைத்து, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று எழுதி வாங்குங்கள். அந்தச் சோதனையை நவம்பர் மழையில் வைக்காமல், உங்கள் ஓடை வற்றும் பிப்ரவரியில் வையுங்கள்.