வலேரியன் – லோரலின் காமிக்ஸ்: எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: லுக் பெசோனின் படத்தைப் பார்த்துவிட்டு வலேரியன் – லோரலின் என்ற பிரெஞ்சு அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் படிக்க ஆசை வந்திருக்கிறது. இருபதுக்கும் மேல் ஆல்பங்கள் (தொடரின் தனித்தனிப் புத்தகங்கள்) இருக்கின்றன. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போவதா, கையில் கிடைத்ததைப் படிக்கலாமா?

ஆறாவதில் தொடங்குங்கள். அப்புறம் பின்னால் போய் முதல் ஐந்தையும் முடித்துவிட்டு, ஏழிலிருந்து எண் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே இதைத் தப்பாகப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் முதலில் படித்தது பத்தாவது ஆல்பம். பழைய புத்தகக் குவியலில் அட்டை கண்ணில் பட்டது, எடுத்துவிட்டேன். வலேரியன் பூமியில் அலைகிறான், லோரலின் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் பக்கம் எங்கோ இருக்கிறாள், இருவரும் மனதுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். யார் எதைத் தேடுகிறார்கள், ஏன் பிரிந்திருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ பிரெஞ்சுக்காரர்களின் மேதாவித்தனம் போலிருக்கிறது, நமக்குத்தான் எட்டவில்லை என்று மூடி வைத்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அது ஒரு கதையின் பின்பாதி என்று தெரிந்தது. முன்பாதி ஒன்பதாவது ஆல்பத்தில் இருக்கிறது. இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டு இயக்குநரைத் திட்டிய கதைதான்.

முதலில் இந்தத் தொடரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வலேரியனும் லோரலினும் எதிர்காலப் பூமிக்காகக் காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் முகவர்கள். கதை பியேர் கிறிஸ்தான், ஓவியம் ழான் குளோத் மெசியேர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிறுவர்களாக இருந்தபோதே பழகிய நண்பர்கள். ‘பிலோத்’ என்ற பிரெஞ்சு வார இதழில் 1967 நவம்பரில் தொடர் தொடங்கியது. 2010இல் வந்த 21ஆவது ஆல்பத்தோடு முக்கியக் கதை முடிந்தது. வண்ணம் தீட்டியவர் மெசியேரின் சகோதரி எவலின் திரான்லே. நாற்பது வருடத்துக்கும் மேல் அதே எழுத்தாளர், அதே ஓவியர். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸ் போல ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக் குழப்பவில்லை. அதனால் படிக்கும் வரிசை என்பது இங்கே தலைவலி இல்லை. நாலைந்து இடங்களில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

முதல் ஆல்பத்திலேயே ஏன் தொடங்கக்கூடாது? தொடங்கலாம், ஆனால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். உண்மையில் முதல் கதை ஒன்றாம் எண் ஆல்பமே இல்லை. 1967இல் வந்த ‘பேட் ட்ரீம்ஸ்’ என்ற சிறிய கதைதான் முதல். பல வருடங்களுக்குப் பிறகு அது பூஜ்ஜியம் என்ற எண்ணோடு ஆல்பமாயிற்று. எதிர்காலத் தலைநகரான கேலக்ஸிட்டியிலிருந்து வில்லன் சோம்புல் காலத்தில் பின்னோக்கி மத்தியகாலப் பிரான்சுக்குத் தப்புகிறான். அவனைத் துரத்திப் போகும் வலேரியன் ஒரு காட்டில் லோரலினைச் சந்திக்கிறான். அந்தக் கதையோடு அவள் கதை முடிந்திருக்க வேண்டியது. வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால்தான் தங்கினாள். இந்த விவரம் சுவாரசியம்தான். ஆனால் ஓவியம் அப்போது இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. உருண்டை முகங்கள், நகைச்சுவைக் காமிக்ஸ் பாணி உடல்மொழி. பின்னால் இந்த ஆள் என்னவெல்லாம் வரையப்போகிறார் என்பதற்கு அதில் அறிகுறி குறைவு.

ஆறாவதான ‘அம்பாசடர் ஆஃப் த ஷேடோஸ்’ (1975) அப்படியில்லை. பாயிண்ட் சென்ட்ரல் என்று ஒரு விண்வெளி நிலையம். ஒவ்வொரு இனமும் தன் குடியிருப்பைக் கொண்டுவந்து ஒட்டி ஒட்டி வளர்ந்தது. ஒவ்வொரு அறைக்கும் தனிக் காற்று, தனிச் சட்டம். பூமியின் தூதர் அங்கே வந்து இறங்கியதுமே கடத்தப்படுகிறார், காவலுக்கு வந்த வலேரியனும் கூடவே போய்விடுகிறான். தொடரின் பெயர் தாங்கிய நாயகன் பெரும்பகுதிக்குக் காணோம்! மீதிக் கதை முழுக்க லோரலின்தான் தேடிப் போகிறாள். கூடவே பயந்து பயந்து வரும் ஒரு மரபுமுறை அதிகாரி. கையில் ஒரு சின்ன விலங்கு. அதற்கு ஒரு முத்தைத் தின்னக் கொடுத்தால் அதே போல நிறைய முத்துகளைப் பெற்றுப்போடும், ஆனால் எந்நேரமும் சிடுசிடு என்றே இருக்கும். அந்த முத்துகளையே காசாக வாங்கிக்கொண்டு தகவல் விற்க ஷிங்கூஸ் என்ற வேற்றுக்கிரக இனத்தவர் மூவர் வருகிறார்கள். குட்டைக் கால், நீண்ட மூக்கு, வாயைத் திறந்தால் பேரம். தொடர் முழுக்க இவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், இங்கேதான் அறிமுகம். முன்கதை எதுவும் தெரியாமலே படிக்கலாம். இது பிடிக்கவில்லை என்றால் மற்றவையும் பிடிக்காது, காசு மிச்சம்.

படம் பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. லுக் பெசோன் 2017இல் எடுத்த படத்தின் தலைப்பு, ‘வலேரியன் அண்ட் த சிட்டி ஆஃப் எ தவுசண்ட் பிளானட்ஸ்’, இரண்டாவது ஆல்பமான ‘எம்பயர் ஆஃப் எ தவுசண்ட் பிளானட்ஸ்’ பெயரை நினைவூட்டும். ஆனால் கதையின் எலும்புக்கூடு பெரும்பாலும் ஆறாவதிலிருந்து எடுத்தது. தலைப்பை நம்பி இரண்டாவதை வாங்கி ‘படத்தில் வந்தது எதுவும் இல்லையே’ என்று புலம்பிய ஆட்களை எனக்குத் தெரியும். (லோரலினின் பெயரைப் படத்தின் தலைப்பிலிருந்து தூக்கியதற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. 2007இலேயே காமிக்ஸின் பெயரில் அவளையும் சேர்த்துவிட்டார்கள்.)

ஆறுக்குப் பிறகு 2, 3, 4, 5 நான்கும் தனித்தனிக் கதைகள். எந்த வரிசையில் படித்தாலும் ஒன்றும் குடி முழுகாது. ஒன்று மட்டும் சொல்லுங்கள் என்றால் நான்காவது, ‘வெல்கம் டு அல்ஃப்லோலோல்’. நீண்ட ஆயுள் கொண்ட ஒரு இனம் சின்னதாக ஒரு உலா போய்விட்டுத் தன் கிரகத்துக்குத் திரும்புகிறது. அவர்களுக்குத்தான் அது சின்ன உலா. இடையில் பல தலைமுறை ஓடி, பூமிக்காரர்கள் அங்கே வந்து தொழிற்சாலை கட்டி, கிரகத்துக்கு வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் சண்டை போடவில்லை, தங்கள் வேட்டை நிலத்தில் தங்கள் பாட்டுக்குக் கூடாரம் போடுகிறார்கள், அது ஆலை வளாகத்தின் நடுவில் இருக்கிறது. சட்டம் அவர்கள் பக்கம் என்று நிர்வாகிக்கும் தெரியும், அதனால்தான் அவருக்கு வேர்க்கிறது. 1972இல் சிரிக்கச் சிரிக்க இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவதைப் படிக்கும்போது முதல் பக்கத்தில் இருக்கும் வருடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் கழற்றியதும் வெந்துபோன முகம் வெளிப்படும் ஒரு காட்சி வரும். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் டார்த் வேடர் நினைவுக்கு வருவார். ஆனால் புத்தகம் 1971. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படம் 1977. மெசியேரே 1983இல் வலேரியன் – லோரலினும் ‘ஸ்டார் வார்ஸ்’ ஜோடியான லூக் – லெயாவும் ஒரே மதுக்கூடத்தில் சந்திப்பதாக ஒரு கேலிப்படம் வரைந்திருக்கிறார்.

இப்போது பூஜ்ஜியத்தையும் ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டிலும் வில்லன் ஒருவனே, ஒன்று முடிந்த சூட்டில் மற்றது தொடங்குகிறது. ஓவியம் பழசு என்று ஒன்றாவதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்த வரிசையில் நான் பிடிவாதமாக நிற்கும் ஒரே இடம் இதுதான்.

காரணம் இருக்கிறது. ‘சிட்டி ஆஃப் ஷிஃப்டிங் வாட்டர்ஸ்’ எழுதப்பட்டது 1968இல். வட துருவத்தருகே ஹைட்ரஜன் குண்டுக் கிடங்கு வெடித்து, பனி உருகி, நியூயார்க்கின் கட்டடங்களுக்கு நடுவே கடல் புகுகிறது. அந்த அழிவுக்குப் பின்னால் எழும் உலகத்திலிருந்துதான் கேலக்ஸிட்டியே வருகிறது. அந்தப் பேரழிவு நடக்கும் வருடம் என்று கிறிஸ்தான் கதையில் வைத்தது 1986. எழுதும்போது அது பதினெட்டு வருடம் தள்ளி இருந்தது, யார் கவலைப்படப்போகிறார்கள்? தொடர் அவ்வளவு காலம் ஓடும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். ஓடிவிட்டது. நிஜமான 1986 வாசலில் வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் வருடத்தைச் சத்தமில்லாமல் மாற்றியிருப்பார்கள், அல்லது பேசாமல் கடந்திருப்பார்கள். இவர்கள் அந்த ஓட்டையையே கதையாக்கினார்கள். 11 (1984), 12 (1985) இரண்டும் அதைப் பற்றியவைதான். ஸ்காட்லாந்தில் ஒரு பழைய கோட்டைக்கு, இதுவரை சந்தித்த பலரும் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ஒன்றாவதைப் படித்தவருக்கு அந்த வருடம் வரும் இடத்தில் வயிற்றில் ஏதோ செய்யும். படிக்காதவருக்கு அது வெறும் எண். அங்கே என்ன முடிவாகிறது என்று சொல்ல மாட்டேன். 13இலிருந்து இருவரின் நிலைமையும் பிழைப்பும் வேறு, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் 7, 8 தனிக் கதைகள். ஏழாவதில் வலேரியனின் நகல்களை ஒவ்வொன்றாகச் சாக அனுப்புகிறார்கள், லோரலின் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் தொடரிலேயே பிடித்தது அது. 9, 10 என் அவமானத்தின் ஜோடி. இரண்டும் கையில் இல்லாமல் ஒன்பதாவதைத் திறக்காதீர்கள். வேற்றுக்கிரகங்களை விட்டுவிட்டு அன்றைய பாரிஸ் மெட்ரோவுக்குள் கதை வந்துவிடும். பூமியில் கேலக்ஸிட்டியின் ஆளான மிஸ்டர் ஆல்பெர் இங்கே வருகிறார். உலகம் அழிந்தாலும் சாப்பாட்டு நேரம் தவறாத மனிதர். இவரும் பின்னால் தேவைப்படுவார்.

பிற்பகுதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 13, 14, 15 தனித்தனியாக ஓடும், ஆனால் எண் வரிசையிலேயே போங்கள். 15இல் பறக்கும் டாக்ஸி ஓட்டும் ஒருவன் வருவான். ‘ஃபிஃப்த் எலிமெண்ட்’ பார்த்தவர்களுக்குப் பொறி தட்டும். அந்தப் படத்துக்கு மெசியேரும் வடிவமைப்பு செய்தார், ஆல்பம் வந்தது 1994, படம் 1997. 16, 17 இரண்டும் ஒரே கதை. 18 முதல் 21 வரை ஒரே மூச்சு, நடுவில் வேறு எதையும் நுழைக்க வேண்டாம். உண்மையைச் சொன்னால் 19, 20 கொஞ்சம் இழுக்கும். 21இன் கடைசிப் பக்கங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கங்களைக் கடையில் நின்றபடி புரட்டிப் பார்த்துவிடாதீர்கள். 22 பழைய நினைவுகளின் தொகுப்பு, எல்லாம் முடிந்தபின் எடுங்கள்.

ஆங்கிலத்தில் சினிபுக் பதிப்பகம் தனி ஆல்பங்களாகவும் போட்டிருக்கிறது, மூன்று நான்கு கதைகள் சேர்ந்த கெட்டி அட்டைத் தொகுப்புகளாகவும் போட்டிருக்கிறது. தொகுப்பாக வாங்குவதென்றால் முதல் தொகுதியை வாங்காமல், ஆறாவது கதை இருக்கும் தொகுதியை முதலில் வாங்குங்கள். படத்தின் தலைப்பைப் பார்த்து ஏற்கெனவே இரண்டாவதை வாங்கிவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, ஆறு கைக்கு வரும்வரை அதை அலமாரியில் வையுங்கள்.