‘பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்’

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 9 வருடமாக புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 41. எனக்கு மேலே ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) இருக்கிறார், ஓனரின் மைத்துனர். திங்கள்கிழமை மீட்டிங்கில் "ஷிப்மென்ட் எல்லாம் ஓகேவா?" என்று கேட்பார். பிரச்சினையைச் சொன்னால், "பிராப்ளத்தோட வராதீங்க, சொல்யூஷனோட வாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார். போன மாதம் நேவி துணி சாயப்பட்டறையிலிருந்து ஷேட் (நிறச் சாயல்) மாறி வந்தது. 10-ம் தேதியே அவருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த திங்கள் மீட்டிங்கில் நானும் "பார்த்துக்கிட்டு இருக்கோம் சார்" என்று சொல்லிவிட்டேன். கடைசியில் 5,000 பீஸ் விமானத்தில் போனது. ஏர் செலவு என் தலையில். இது போதாதென்று, என்னைக் கேட்காமல் என் சூப்பர்வைசர்களுக்கே போன் போட்டு, தைக்கிற ஸ்டைலை (ஆடை மாடலை) மாற்றச் சொல்கிறார். நேராக ஓனரிடமே போய்ச் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ‘மைத்துனர்’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. அவர் அந்த நாற்காலிக்கு எப்படி வந்தார் என்ற கோபம் உங்களுக்கு இருக்கிறது, அது நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் 5,000 பீஸ் விமானத்தில் போனதற்கு அது காரணம் இல்லை. காரணம் அந்த 10-ம் தேதி செய்தியில் இருக்கிறது. கடிதத்தோடு அதையும் அனுப்பி வைத்தது நல்லதாகப் போயிற்று.

நீங்கள் எழுதியது இது: "சார், நேவி துணி கொஞ்சம் லேட் ஆகும் போல இருக்கு. டையிங்ல பேசியிருக்கோம். ஃபாலோ பண்ணிட்டு இருக்கோம்."

இதை ஜி.எம்.மின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். காலையிலிருந்து அவர் போனுக்கு வந்த நூற்றுச் சொச்சம் செய்திகளில் இதுவும் ஒன்று. ‘கொஞ்சம்’ என்றால் ஒரு நாளா, பத்து நாளா? ‘ஃபாலோ பண்ணிட்டு இருக்கோம்’ என்றால் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றுதான் அர்த்தம். அவர் செய்ய வேண்டியது என்று இதில் ஒன்றுமே இல்லை. அதனால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த கணக்கை வைத்தே அதே செய்தியை நான் எழுதிப் பார்த்தேன் (லைன் என்றால் தையல் வரிசை, பையர் என்றால் ஆர்டர் கொடுத்த கம்பெனி):

"சார், நேவி ஆர்டர் 12,000 பீஸில் 5,000 பீஸுக்கான துணி ஷேட் மாறி வந்திருக்கிறது. திரும்பச் சாயம் போட்டு வர 16-ம் தேதி ஆகும். ஒரு லைனில் தைத்தால் 21-ம் தேதி கன்டெய்னருக்கு 7,000 பீஸ்தான் போகும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, 7,000 பீஸை இப்போது அனுப்பிவிட்டு மீதியை அடுத்த கப்பலில் அனுப்ப பையரிடம் அனுமதி கேட்பது. இரண்டு, பக்கத்து லைனையும் இதற்கே காலியாக வைப்பது. நாளை மத்தியானம் அந்த லைனில் வேறு ஸ்டைல் ஏறுகிறது, ஏறிவிட்டால் 20-ம் தேதி வரை எடுக்க முடியாது. பையரிடம் கேட்பதே நல்லது என்று நினைக்கிறேன். நாளை 12 மணிக்குள் முடிவு சொல்லுங்கள்."

நீளம்தான். ஆனால் இதற்குக் கட்டைவிரல் போட முடியாது. எந்த வழி என்று சொல்லியாக வேண்டும், அதுவும் 12 மணிக்குள். முதல் செய்தி தகவல், இது முடிவு கேட்கும் செய்தி. மேலே இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் தகவல் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எதில் தன் முடிவு தேவை, எந்த நேரத்துக்குள் தேவை என்பதைத்தான் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இதில்தான் உங்கள் ஜி.எம்.மின் ‘சொல்யூஷனோட வாங்க’ இடிக்கிறது. எனக்குப் பிடிக்காத வாக்கியம் அது. பையரிடம் தேதி நீட்டிப்புக் கேட்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. இன்னொரு ஆர்டரைத் தள்ளிப்போடும் அதிகாரமும் இல்லை. உங்கள் மட்டத்தில் தீர்வு இருந்தால் நீங்கள் ஏன் அவரிடம் போகப் போகிறீர்கள்? தீர்வு இல்லாதவற்றைத்தான் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கிறது, அவற்றைக் கொண்டுவராதே என்றால் மீதி என்ன? ‘ஓகே சார்’தான். இதை அவரிடம் வாதாடிப் பயனில்லை. தீர்வுக்குப் பதில் இரண்டு வழிகளையும் உங்கள் சிபாரிசையும் கொண்டுபோங்கள். அவர் கேட்டதைக் கொடுத்த மாதிரியும் இருக்கும், உங்கள் வேலையும் நடக்கும்.

திங்கள் மீட்டிங்கை நம்பி இருக்காதீர்கள். பத்துப் பேர் நடுவில் "எல்லாம் ஓகேவா?" என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான். சென்னை மறைமலை நகரில் கார் தயாரித்துவந்த ஃபோர்டு கம்பெனியின் தலைமையகத்திலேயே இது நடந்திருக்கிறது. 2006-ல் ஆலன் முலாலி என்பவர் போயிங்கிலிருந்து அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தார். வாராவாரம் வியாழக்கிழமை எல்லாத் துறைத் தலைவர்களும் தங்கள் வேலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்ட வேண்டும் என்றார். கொண்டுவந்தார்கள், எல்லாம் பச்சை. அந்த ஒரு வருடத்தில் கம்பெனியின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல்! இவ்வளவு நஷ்டத்தில் சரியாகப் போகாதது ஒன்றுமே இல்லையா என்று அவர் கேட்டுப் பார்த்தார். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, எட்ஜ் என்ற புது காரை வெளியிடுவதில் சிக்கல் என்று சிவப்பைக் காட்டினார். அறையில் இருந்தவர்கள் அவர் வேலை போயிற்று என்றே நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014-ல் ஃபோர்டின் சி.இ.ஓ. ஆனார்.

உங்கள் ஜி.எம். கைதட்ட மாட்டார், தெரியும். அதனால்தான் சிவப்பை மீட்டிங்கில் காட்டாதீர்கள் என்கிறேன். மீட்டிங்குக்கு முன்னால் தனியாகப் பதினைந்து நிமிடம் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சம்பளம் போடும் நாளில் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஒரு தாளில் மூன்று வரி போதும். எந்த ஆர்டர் ஆடுகிறது, எந்தத் தேதியில் கைமீறும், என்ன முடிவு வேண்டும். எல்லார் முன்னாலும் முதல்முறையாகக் கேள்விப்படும்போதுதான் மனிதர்கள் கத்துகிறார்கள். முன்பே தெரிந்த விஷயத்துக்கு அதே ஆள் மீட்டிங்கில் உங்கள் பக்கம் பேசுவதைப் பார்ப்பீர்கள்.

சூப்பர்வைசருக்கு நேரே போன் போடுகிறார் என்பது உங்களுக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. அவரைக் கேள்வி கேட்க விடுங்கள், யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும். தொழிற்சாலைத் தளத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் ஜி.எம். கெட்டவர் இல்லை. ஸ்டைலை மாற்றுவது மட்டும் உங்கள் வழியாக வரட்டும் என்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் கேளுங்கள். போன வாரம் அவர் சொன்ன மாற்றத்தால் எந்த லைன் எத்தனை மணி நேரம் சும்மா நின்றது என்ற கணக்கோடு கேளுங்கள், மனவருத்தத்தோடு அல்ல. சூப்பர்வைசர்களிடமும் சொல்லிவையுங்கள்: "ஜி.எம். சொன்னா செய்யுங்க, ஆனா செய்யறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன்."

அப்புறம் ஒன்று கேட்கிறேன். நேவி துணி ஷேட் மாறியிருக்கிறது என்று உங்களுக்கு 10-ம் தேதி தெரிந்தது. துணி வந்து இறங்கியது 8-ம் தேதி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடுவில் இரண்டு நாள் கட்டிங் மேஜையில் இருந்தவர்களுக்கு அது தெரியாதா? ரோலைப் பிரித்ததுமே தெரிந்திருக்கும். ஏன் உங்களிடம் சொல்லவில்லை?

இது எனக்கு நடந்திருக்கிறது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் பொறுப்பில் இருந்தபோது, வார்ப்பில் பழுதாகித் தள்ளுபடியாகும் பம்ப் உடல்கள், அதாவது காஸ்டிங் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று ஒரு நாள் மேஜையைத் தட்டிக் கத்தினேன். அடுத்த நான்கு மாதம் ரிஜெக்‌ஷன் கணக்கு அழகாக இறங்கியது. நானும் மேலே போய்ப் பெருமையாகச் சொன்னேன். ஒரு மழை நாளில் ஜெனரேட்டர் ஷெட்டின் பின்பக்கம் போனேன். கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஓட்டை விழுந்த பம்ப் உடல்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. என் ஃபோர்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க டென்ஷன் ஆவீங்கன்னுதான் சார்" என்றார்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் லைனுக்கு மேலே கயிறு ஒன்று ஓடும். கோளாறைப் பார்க்கும் தொழிலாளி அதை இழுத்தால் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். லைன் உடனே நிற்காது, கார் அந்த வேலைக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் நிற்கும். இழுத்தவனை யாரும் திட்டுவதில்லை. உங்கள் கட்டிங் செக்‌ஷனில் கயிறு கட்டச் சொல்லவில்லை. ரோலில் சந்தேகம் வந்தால் வெட்டாமல் நிறுத்திவிட்டு உங்களைக் கூப்பிடலாம் என்று சொல்லுங்கள். முதல்முறை கூப்பிடுகிறவர் தப்பாகவே கூப்பிட்டிருந்தாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள், அந்த முகத்தைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஓனரிடம் போகலாமா என்றால், இப்போது வேண்டாம். குடும்பக் கம்பெனியில் ஒருவரைத் தாண்டிப் போய்ச் சொன்ன சொல் இரவுச் சாப்பாட்டுக்குள் அவரிடமே திரும்பி வந்துவிடும், வேறு உருவத்தில். இரண்டு மாதம் நான் சொன்ன மாதிரி எழுதிக் கேளுங்கள். தேதி போட்ட அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அப்போதும் முடிவு சொல்லாமல் பழியை மட்டும் உங்கள் மேல் போட்டால், "சார், இது நம்ம ரெண்டு பேர் கையிலயும் இல்ல, ஓனர்கிட்ட சேர்ந்தே போய்க் கேப்போமா?" என்று ஜி.எம்.மிடமே கேளுங்கள். அவர் வர மறுத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். அதில் ‘மைத்துனர்’ எத்தனை முறை வந்தாலும் எண்ண மாட்டேன்.