விலை ஏறியது, லாபம் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014-15இல் 20 லட்சத்துக்கு வாங்கிய மனையை இப்போது 45 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். இரண்டு மடங்குக்கு மேல் லாபம்தானே? (வாசகர், திருச்சி)

வாங்கிய அன்று உங்கள் கையிலிருந்து போனது 20 லட்சம் மட்டுமல்ல. அப்போது முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 1%. பத்திரத்தில் முழு விலையைக் காட்டியிருந்தால் அடக்கவிலை 21.6 லட்சம். விற்கும்போது தரகு 1% என்றால் 45,000 போகும், மீதி 44.55 லட்சம்.

அடுத்தது வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர், அடக்கவிலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்தி 20%, உயர்த்தாமல் 12.5% என இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2025-26இல் விற்பதாக வைத்துக்கொள்வோம். பணவீக்கக் குறியீடு 2014-15இல் 240, 2025-26இல் 376. அதன்படி அடக்கவிலை 33.84 லட்சமாக உயரும், லாபம் 10.71 லட்சம், 20% வரி 2.14 லட்சம். குறியீடு இல்லாமல் போட்டால் லாபம் 22.95 லட்சம்; 12.5% வரி 2.87 லட்சம். முதல் வழியே மேல். 4% கூடுதல் தீர்வையும் சேர்த்தால் 2.23 லட்சம்.

கையில் நிற்பது 42.32 லட்சம். 11 ஆண்டுகளில் 21.6 லட்சம் இப்படி வளர்ந்ததென்றால், ஆண்டுக்கு 6.3% கூட்டு வளர்ச்சி. விலைவாசி உயர்வைக் கழித்தால் உண்மையில் மிஞ்சுவது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை சதவீதம். நஷ்டம் இல்லைதான். ஆனால் இதே பணம் வேறு எங்கே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று பார்க்காமல் இதை லாபம் என்று சொல்லிவிட முடியாது. கைவிட்ட அந்த வாய்ப்பும் ஒரு செலவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்திரச் செலவை மிச்சப்படுத்த அன்று வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) மட்டும் பதிந்து, மீதியை ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு அடி விற்கும்போதுதான் விழும். பத்திரத்தில் 12 லட்சம் என்றிருந்தால் வரித்துறைக்கு உங்கள் அடக்கவிலை அதை ஒட்டியதுதான். நீங்கள் உண்மையில் கொடுத்த எட்டு லட்சமும் லாபக் கணக்கில் சேர்ந்து, அதற்கும் வரி வரும்.

கேள்வி: சென்னையில் 75 லட்சத்துக்கு பிளாட். 60 லட்சம் கடன் கிடைக்கும், வாடகை 20,000 வரும். வாடகையே கடனை அடைக்குமா? (வாசகி, வேலூர்)

அடைக்காது. வட்டி 8.5%, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 52,000. வாடகையை 12 மாதத்துக்குப் போடாதீர்கள். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாக இருக்கும். 11 மாதத்துக்கு 2.2 லட்சம். அதில் பராமரிப்புக் கட்டணம் 30,000, சொத்து வரியும் தண்ணீர் வரியும் 10,000, பெயின்ட், பைப் ரிப்பேர் 15,000 கழியும். மிச்சம் 1.65 லட்சம். பத்திரச் செலவோடு உங்கள் முதல் சுமார் 80 லட்சம். அப்படியானால் நிகர வருவாய் 2 சதவீதம்தான். மாதாமாதம் சுமார் 38,000 சம்பளத்திலிருந்து போட வேண்டிவரும்.

8.5 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 2 சதவீதம் தரும் பொருளில் போடுகிறீர்கள். மீதி 6.5 சதவீதத்தை விலை உயர்வு ஆண்டுதோறும் ஈடுகட்டினால்தான் கடன் பகுதி சமன் ஆகும். விலை 10% இறங்கினால் இழப்பு 7.5 லட்சம், நீங்கள் போட்ட 20 லட்சத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அந்த 6.5% வருமா என்பதைப் பிரிபடாத பாக மனையை, அதாவது அடுக்ககம் நிற்கும் நிலத்தில் உங்கள் பிளாட்டுக்கு உரிய பங்கை, வைத்துத்தான் பார்க்க வேண்டும். விலை ஏறுவது நிலத்துக்கு, கட்டடம் தேயும். 1,000 சதுர அடி பிளாட்டுக்கு 400 சதுர அடி பாகம், அப்பகுதியில் மனை சதுர அடி 9,000 என்று வைத்தால் நிலத்தின் மதிப்பு 36 லட்சம், கட்டடம் 39 லட்சம். நிலம் 8% ஏறி, கட்டடம் 2% தேய்ந்தால் ஓராண்டில் கூடுவது 2.88 லட்சம், குறைவது 0.78 லட்சம். நிகரம் 2.1 லட்சம், அதாவது 2.8 சதவீதம்தான். கட்டுமானச் செலவும் ஏறிக்கொண்டிருப்பதால் முதல் சில ஆண்டுகளில் இந்தத் தேய்மானம் விலையில் தெரியாது. 20 ஆண்டுப் பழைய பிளாட்டை விற்கப் போகும்போது தெரியும். குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. முதலீடு என்றால் முதலில் கேட்க வேண்டியது பாக மனை எத்தனை சதுர அடி என்பதை. விற்பனை ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: பரந்தூர் விமான நிலையம் வந்தால் அந்தப் பக்கம் விலை மூன்று மடங்காகும் என்கிறார்களே? (வாசகர், காஞ்சிபுரம்)

உங்களுக்குத் தெரிந்த செய்தி விற்பவருக்கும் தெரியும். எதிர்பார்ப்பில் பெரும்பகுதி இன்றைய விலையிலேயே ஏறியிருக்கும். தி.நகரில் புதிதாக நிலம் முளைக்காது. அங்கே தேவை கூடினால் விலைதான் ஏற வேண்டும். புறநகரிலோ விலை ஏற ஏறப் பக்கத்து வயல்களும் மனைப்பிரிவுகளாகும். ஆகவே சுற்றுவட்டாரத்தில் எத்தனை மனை விற்பனைக்குக் கிடக்கிறது, ஐந்தாண்டுக்கு முன் போட்ட மனைப்பிரிவில் எத்தனை வீடு எழும்பி மின் இணைப்பு பெற்றிருக்கிறது என்று நேரில் எண்ணிப் பாருங்கள். வீடே எழும்பாத இடத்தில் அவசரத்துக்கு விற்கவும் ஆள் கிடைக்காது. முன்பணம் கொடுக்கும் முன் சர்வே எண் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பில் உள்ளதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.